நிரப்பு, மூடு, ஆனால் மறக்காதே!

ஷிஃப்ட் முடியும் நேரத்தில் ஸ்ரீ சிட்டியின் ஆலை வாசல்களில் கூட்டம் இரண்டாகப் பிரியும். ஒரு பகுதி கம்பெனி பஸ்ஸை நோக்கி ஓடும். இன்னொரு பகுதி சாவியைச் சுழற்றியபடி பைக் நிறுத்துமிடத்துக்கு நிதானமாக நடக்கும். முதல் கூட்டத்திலிருந்து இரண்டாவது கூட்டத்துக்கு மாறுவதுதான் இங்கே புதிதாக வேலைக்குச் சேரும் பல இளைஞர்களின் முதல் லட்சியம். பஸ்ஸைத் தவறவிடும் கவலை இல்லை. ஓவர்டைம் பார்க்கலாம். அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக ஆட்டோ தேட வேண்டாம். நிலமோ நகையோ இல்லாத பல குடும்பங்களில் சொந்தப் பெயரில் வாங்கும் முதல் சொத்தே இந்த பைக்தான்.

சென்னைக்கு வடக்கே சுமார் 55 கி.மீ. தொலைவில், கொல்கத்தா நெடுஞ்சாலையில் தடாவை ஒட்டி இருக்கிறது ஸ்ரீ சிட்டி. சத்தியவேடு, வரதய்யபாளையம் மண்டலங்களில் பரந்துள்ள இந்தத் தொழில் நகரம், 2022 ஏப்ரலில் திருப்பதி மாவட்டம் பிறக்கும்வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. பிக்-அப் வண்டி, மெட்ரோ ரயில் பெட்டி, சாக்லேட் என்று பலவும் இங்கே தயாராகின்றன. மோட்டார் சைக்கிளும் இந்த வட்டாரத்துக்கு அந்நியமல்ல. அதே சத்தியவேடு மண்டலத்தில் உள்ள மதனபாலெத்தில் ஹீரோ மோட்டோகார்ப் ஆலைக்கு 2018 மார்ச்சில் அடிக்கல் நாட்டப்பட்டது.

அந்த நிறுவனத்தின் கதையில்தான் இன்றைய பைக்காரர்களின் சிக்கலும் தொடங்குகிறது. 1985-ல், ஜப்பானின் ஹோண்டாவுடன் கூட்டாக இருந்த நாட்களில், அது ‘சிடி 100’ என்ற நான்கு ஸ்ட்ரோக் வண்டியைக் கொண்டுவந்தது. விளம்பரம் சொன்னது இதுதான்: பெட்ரோலை நிரப்பு, மூடு, மறந்துவிடு. அதுவரை மோட்டார் சைக்கிள் என்பது மறக்கவே விடாத பொருளாக இருந்தது. 1955 முதல் சென்னை திருவொற்றியூரோடு இணைந்துவிட்ட புல்லட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல அழுத்தி, டிகம்ப்ரஷன் லீவரை இழுத்து, அப்புறம் உதைக்க வேண்டும். முறை தப்பினால் வண்டி திருப்பி உதைக்கும். இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளுக்கோ பெட்ரோலோடு ஆயிலையும் சேர்த்து ஊற்ற வேண்டும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துடைக்கத் தெரியாதவர் நடுவழியில் நிற்க வேண்டியதுதான்.

அந்தத் தொல்லைகள் ஒரு பாடமாகவும் இருந்தன. வண்டியை ஓட்டக் கற்றவர் அதைக் கேட்கவும் கற்றார். இன்றைய வண்டி பட்டனைத் தொட்டதும் கிளம்புகிறது. 2020 ஏப்ரல் 1-ல் பிஎஸ்-6 மாசுக் கட்டுப்பாட்டு விதி வந்தபின் சாதாரண 100 சிசி வண்டியிலும் கார்புரேட்டர் போய் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. எஞ்சின் முனகுவதே இல்லை என்பதால், கவனிக்க எதுவும் இல்லை என்று முதல் பைக்காரர் நினைத்துவிடுகிறார். முறையீடு செய்யாத பாகங்கள்தான் ஆபத்தானவை.

செயினை எடுத்துக்கொள்ளலாம். தொழிற்பேட்டைச் சாலைகளில் லாரிகள் கிளப்பும் புழுதி செயினில் ஒட்டி, ஆயிலோடு சேர்ந்து உப்புத்தாள் போலத் தேய்க்கும். 500 கி.மீ.க்கு ஒருமுறை துடைத்து எண்ணெய் போட்டால் பல்சக்கரம் நெடுநாள் உழைக்கும். தொங்கல் எவ்வளவு இருக்கலாம் என்பது கையேட்டில் இருக்கிறது. சிறிய பைக்குகளில் பெரும்பாலும் இரண்டு முதல் மூன்று செ.மீ. அதற்கு மேல் தொங்கினால் செயின் கழன்று பின்சக்கரத்தைப் பூட்டிவிடலாம். அதிக இறுக்கமும் தப்பு, பேரிங்கைத் தின்றுவிடும்.

எஞ்சினில் இருப்பது ஏறத்தாழ ஒரு லிட்டர் ஆயில். எஞ்சின், கிளட்ச், கியர் மூன்றுக்கும் அதுதான் உயிர். புது வண்டியின் முதல் சர்வீஸைத் தள்ளிப்போடக் கூடாது என்பதற்குக் காரணம் உண்டு. புதிய பாகங்கள் ஒன்றோடொன்று உரசிப் பழகும்போது உதிரும் உலோகத் துகள்கள் அந்த முதல் ஆயிலில்தான் மிதக்கும். முதல் ஆயிரம் கி.மீ.க்கு முறுக்க வேண்டாம் என்று சொல்வதும் இதனால்தான். ஏர் ஃபில்டரைக் கழுவிப் போடும் பழைய பழக்கத்தையும் விட வேண்டும். இன்றைய பல வண்டிகளில் இருப்பது காகித ஃபில்டர். அதை மாற்றலாம், கழுவக் கூடாது. மாதக் கடைசியில் ரிசர்வ் விளக்கு எரிய எரிய ஓட்டுவதும் செலவில்தான் முடியும். டாங்குக்குள் இருக்கும் பம்ப்பைக் குளிரவைப்பது அந்தப் பெட்ரோல்தான்.

டயரில் காற்று குறைந்தால் மைலேஜ் குறையும் என்று எல்லோருக்கும் தெரியும். வளைவில் வண்டி அலையும், பிரேக் பிடித்தால் நழுவும் என்பது பலருக்கு விழுந்த பிறகே தெரிகிறது. பின்னால் ஆள் ஏறினால் பின் டயருக்குக் கூடுதல் காற்று வேண்டும். முன் பிரேக்கைத் தொட்டால் குப்புற விழுவோம் என்ற பயமும் தலைமுறை தலைமுறையாகத் தொடர்கிறது. பிரேக் பிடிக்கும்போது எடை முன்சக்கரத்தில் இறங்குவதால், நிறுத்தும் சக்தியில் பெரும்பங்கு அங்கேதான் இருக்கிறது. 2019 ஏப்ரல் முதல் புது வண்டிகளில் 125 சிசி வரை இணைப்பு பிரேக்கும், அதற்கு மேல் ஏபிஎஸ்ஸும் கட்டாயமானதற்குக் காரணம் இந்தப் பயமும் பதற்றமும்தான். ஆனால் தேய்ந்த பிரேக் ஷூவை எந்தத் தொழில்நுட்பமும் காப்பாற்றாது.

பராமரிப்பு ஸ்பானரோடு முடிவதில்லை. 2018 செப்டம்பர் முதல் புது இருசக்கர வண்டிக்கு ஐந்தாண்டு மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் சேர்த்தே விற்கப்படுகிறது. தவணை முடிந்த மகிழ்ச்சியில் இன்ஷூரன்ஸும் முடியப்போவதை மறப்பவர்கள் உண்டு. அதன்பின் ஒருவர் மீது மோதினால் அபராதம் மட்டுமல்ல, நஷ்டஈடும் உரிமையாளரின் தலையில்தான். எல்லை ஓரத்தில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. கும்மிடிப்பூண்டியிலிருந்தோ ஊத்துக்கோட்டையிலிருந்தோ தினமும் வந்து திரும்புபவருக்குப் பிரச்சினை இல்லை. தமிழ்நாட்டுப் பதிவு வண்டியோடு ஆந்திராவிலேயே குடியேறியவர், 12 மாதங்களுக்கு மேல் வண்டியை அங்கே வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம்.

எல்லாவற்றிலும் மலிவான பாகம் ஹெல்மெட். அதிகம் மறக்கப்படுவதும் அதுதான். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 74,897 பேர் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். ஹெல்மெட் அணியாமல் இறந்தவர்கள் 50,029 பேர். இதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள். அவர்கள் வண்டியை ஓட்டக்கூட இல்லை. யாரையோ நம்பி ஏறினார்கள். முதல் பைக் வாங்குபவர் ஒரு ஹெல்மெட்டோடு கடையை விட்டு வெளியே வரக்கூடாது. ஐஎஸ்ஐ முத்திரையுள்ள இரண்டு வாங்க வேண்டும். இரண்டாவது ஹெல்மெட்தான் அம்மாவுக்கு, மனைவிக்கு, தங்கைக்கு.

இத்தனைக்கும் ஆகும் செலவு பெரிதல்ல. நேரமும் அதிகமில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியைக் கழுவி, டாங்க் பளபளக்கத் துடைப்பதை முதல் பைக்காரர் யாரும் மறப்பதில்லை. அந்த வாளிக்குப் பக்கத்தில் ஒரு பழைய டூத் பிரஷ்ஷும் கொஞ்சம் கியர் ஆயிலும் இருக்கட்டும். செயினைத் துடைத்து, பிரேக்கை அழுத்திப் பார்த்து, டயரை ஒரு சுற்று நோட்டம்விட இன்னும் பத்து நிமிடம் போதும். திங்கள்கிழமை இரவு ஷிஃப்ட் முடிந்து, விளக்கில்லாத கிராமச் சாலையில் வீடு திரும்பும்போது அந்தப் பத்து நிமிடம்தான் துணைக்கு வரும்.