சுருங்கும் பல் அடைப்பும் பத்து நிமிட அவசரமும்

என் பாட்டியின் கடைவாய்ப் பல்லில் ஒரு வெள்ளி அடைப்பு இருக்கிறது. வயதில் அது எனக்கு மூத்தது. இன்றும் அந்தப் பக்கமாகத்தான் முறுக்கு கடிக்கிறார். எனக்கு தி.நகரில் ஒரு கிளினிக்கில் போட்ட வெள்ளை அடைப்போ இரண்டே வருடத்தில் ஓரம் விட்டுவிட்டது. ஜில்லென்று தண்ணீர் குடித்தால் உயிர் போகும். டாக்டரைத் திட்டிக்கொண்டிருந்தேன். கொஞ்சம் படித்துப் பார்த்த பிறகுதான், பழியில் பாதி எங்கள் வீட்டுக்கும் உண்டு என்று புரிந்தது.

ரங்கநாதன் தெருவில் வாங்கிய காட்டன் சட்டை முதல் சலவையில் சுருங்குமல்லவா? வெள்ளை அடைப்பு போடும்போதே சுருங்கும். காம்போசிட் என்கிற அந்தப் பசையில் பிசினும் கண்ணாடித் தூளும் இருக்கின்றன. அமெரிக்காவில் ரஃபேல் போவன் 1962-ல் காப்புரிமை பெற்ற பிசின்தான் இன்றும் பல காம்போசிட்டுகளுக்கு அடிப்படை. நீல விளக்கைக் காட்டினால் பிசினின் மூலக்கூறுகள் கைகோத்துச் சங்கிலியாகின்றன. தள்ளித் தள்ளி நின்றவர்கள் கைகோத்தால் நெருங்கித்தானே ஆகவேண்டும்? கன அளவு பொதுவாக 2 முதல் 3 சதவீதம் குறைகிறது.

இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் பசை பல்லோடு ஒட்டியிருக்கிறது. குழியின் நான்கு பக்கமும் அடித்தளமும் பிடித்துக்கொள்ள, மேல்பக்கம் மட்டுமே திறந்திருக்கிறது. சுருங்கும் பசை ஒன்று பல்லை இழுக்கும், இல்லை ஒட்டு விட்டுப்போகும். அந்த இடுக்கில் எச்சில் இறங்கினால் கூச்சம். கிருமி இறங்கினால் மறுபடி சொத்தை.

டாக்டர்களுக்கு இது தெரியாததல்ல. சாதாரணக் காம்போசிட்டை 2 மில்லிமீட்டர் அடுக்குகளாக வைத்து, ஒவ்வோர் அடுக்குக்கும் விளக்கு காட்டச் சொல்கிறார்கள். அதற்கு மேல் தடிமனாக இருந்தால் ஒளி அடிவரை சரியாகப் போகாது. ஒரே தடவையில் 4 மில்லிமீட்டர் வைக்கும் வகைகளும் வந்துவிட்டன. எதுவானாலும் பல்லை எச்சில் படாமல் வைத்திருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் நேரம் வேண்டும்.

அன்று கிளினிக்கில் அம்மா சொன்னது நினைவிருக்கிறது. "டாக்டர், சீக்கிரம் முடிச்சிடுங்க, இவனுக்கு டியூஷன் இருக்கு." பத்தே நிமிடத்தில் முடிந்தது. நாங்களும் சந்தோஷமாகக் கிளம்பினோம்!

பேசாமல் பழைய வெள்ளியே போதும் என்று சொல்லவும் முடியாது. அதில் ஏறக்குறைய பாதி பாதரசம். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா 2018-ல் ஏற்றது. பல் அடைப்பில் பாதரசத்தை 2034-க்குள் கைவிட அதன் உறுப்பு நாடுகள் 2025-ல் முடிவு செய்துவிட்டன. நல்ல முடிவுதான். ஆனால் வெள்ளி கொஞ்சம் ஈரத்தையும் அவசரத்தையும் பொறுத்துக்கொள்ளும். காம்போசிட் பொறுக்காது. நீண்ட வரிசை நிற்கும் அரசு மருத்துவமனையில் ஒரு டாக்டர் ஒரு பல்லுக்கு எத்தனை நிமிடம் தர முடியும்? பொருளை மாற்றினால் மட்டும் போதாது, ஆட்களையும் நேரத்தையும் கூட்ட வேண்டும். இல்லாவிட்டால் இடுக்கு விழுவது ஏழைகளின் பல்லில்தான்.

நம் பங்குக்கு ஒன்று செய்யலாம். "எவ்வளவு ஆகும்?" என்று கேட்கும்போது "எவ்வளவு நேரம் ஆகும்?" என்றும் கேட்போம். நிதானமாகச் செய்பவருக்கு நாலு காசு கூடக் கொடுப்பதில் நஷ்டமில்லை.

போன மாதம் அடையாறில் அதே பல்லை மறுபடி அடைத்தார்கள். நாற்பது நிமிடம் ஆனது. அம்மா வெளியே உட்கார்ந்து ஒரு வாரப் பத்திரிகையை அட்டை முதல் அட்டை வரை படித்து முடித்துவிட்டார். அவசரப்படுத்தவே இல்லை.