எலும்பே இல்லாத எடை

உலகத்திலேயே பெரிய டைனோசர் அரியலூர்ப் பக்கம்தான் வாழ்ந்தது, எடை 170 டன், நீலத் திமிங்கிலத்துக்கே சவால்! இந்தப் பெருமை அவ்வப்போது இணையத்தில் ஒரு சுற்று வரும். ஆளாளுக்குக் காலரைத் தூக்கிவிட்டுக் கொள்வார்கள். அந்த எலும்பை எங்கே போய்ப் பார்க்கலாம் என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை.

கேட்டால் பதில் சங்கடமானது. எங்கேயும் பார்க்க முடியாது. அது பொடிந்து போய்விட்டது!

சரி, விஷயத்துக்கு வருவோம். இடம் அரியலூர் மாவட்டம் கல்லமேடு. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் யாதகிரி, அய்யாசாமி இருவரும் அங்கே கிடைத்த எலும்புகளை 1987ல் விவரித்து, ப்ருஹத்காயோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். பெருத்த உடல் கொண்ட பல்லி என்று பொருள். இடுப்பெலும்பு, தொடை எலும்பில் ஒரு பகுதி, முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு, முன்னங்கால் எலும்பு, வாலில் ஒரு முள்ளெலும்பு. அவ்வளவுதான். முதலில் இதை மாமிசம் தின்னும் வகை என்றார்கள். பிறகு அது நீண்ட கழுத்துள்ள இலைதழை தின்னும் வகை என்று ஆனது. கட்டுரையில் இருந்தவை கோட்டுப் படங்கள். நல்ல புகைப்படங்கள் வெளிவர 2022 ஆனது. அதற்குள், மூல எலும்புகள் சிதைந்துவிட்டன, இப்போது இல்லை என்று 2017ல் அய்யாசாமியும் சேர்ந்து எழுதிய கட்டுரையே சொல்லிவிட்டது.

இல்லாத எலும்புக்கு எடை எப்படி வந்தது? அந்தக் கால் எலும்பின் நீளம் 2 மீட்டர் என்று பதிவாகியிருக்கிறது. அர்ஜென்டினோசாரஸின் கீழ்க்கால் எலும்பு ஒன்று சுமார் 1.55 மீட்டர். வகுத்தால் 1.29. ஒரு உடல் எல்லாப் பக்கமும் ஒரே விகிதத்தில் பெருத்தால் எடை அதன் மும்மடிப் பெருக்கமாக ஏறும். 1.29ஐ மூன்று முறை பெருக்கினால் 2.15. ஆக, எடை இரண்டு மடங்குக்கும் மேல்! இந்த மாதிரி ஒப்பீட்டில்தான் 2023ல் 110 முதல் 170 டன் வரை என்று ஒரு மதிப்பீடு வந்தது. ஆய்வாளர்கள் கொடுத்தது ஒரு வீச்சு. பெருமைக்காரர்கள் எடுத்துக்கொண்டது 170ஐ மட்டும்.

கூட்டு வட்டி படித்தவர்களுக்கு இதிலுள்ள ஆபத்து உடனே புரியும். 10 சதவீத வட்டிக்கு மூன்று வருஷம் விட்டால் 33.1 சதவீதம் ஏறும் அல்லவா? அதேதான். நீளத்தை 10 சதவீதம் கூட்டி அளந்துவிட்டால் எடை 33 சதவீதம் கூடிவிடும். அளந்தது சரியா என்று திரும்ப அளக்கலாம் என்றால் எலும்பு இல்லை. அது எலும்பா, கல்லாகிப் போன மரமா என்று சந்தேகப்பட்டவர்கள்கூட உண்டு. வவுச்சர் இல்லாத கணக்கை எந்த ஆடிட்டர் ஒப்புக்கொள்வார்?

எடைக் கணக்கு தப்பாகவே கூடாது என்று இல்லை. பெர்லின் அருங்காட்சியகத்தில் நிற்கும் ஜிராஃபடைட்டனைப் பாருங்கள். 1909 முதல் 1913 வரை இன்றைய தான்சானியாவில் தோண்டி எடுத்தது. 1962ல் கோல்பர்ட் அதற்குச் சொன்ன எடை 78 டன். 2009ல் டெய்லர் சொன்னது 23 டன். மூன்றில் ஒரு பங்குகூட இல்லை! ஆனால் எலும்புக்கூடு அங்கேயே நிற்கிறது. யார் வேண்டுமானாலும் போய் மறுபடி அளக்கலாம், முன்னவர் சொன்னதைத் திருத்தலாம். கல்லமேட்டு எண்ணை 50 டன் என்று குறைக்கவும் முடியாது, 170 என்று நிரூபிக்கவும் முடியாது.

களிமண்ணில் கிடந்தது, நொறுங்கும் எலும்பு, மழைக்காலம், என்ன செய்ய முடியும் என்பார்கள். நியாயம்தான். ஈரத்தில் உப்பி வெயிலில் சுருங்கும் மண் எலும்பைப் பிளந்துவிடும். ஆனால் இந்தப் பிரச்சினை கல்லமேட்டுக்கு மட்டும் வந்ததல்ல. கை கால் முறிந்தால் போடுவோமே மாவுக்கட்டு, அதைத்தான் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே புதைபடிவ எலும்புக்கும் போடுகிறார்கள். வெடிப்பில் பசை ஊற்றி இறுக்குவார்கள், ஈரக் காகிதம் சுற்றுவார்கள், சாக்குத்துணியைச் சுண்ண மாவில் தோய்த்துக் கட்டுவார்கள், அப்புறம்தான் தூக்குவார்கள். ராக்கெட் விடும் நாட்டுக்கு இது பெரிய செலவா?

மியூனிக்கில் இருந்த ஸ்பைனோசாரஸ் எலும்பும் அழிந்ததுதான். ஆனால் அதை அழிக்க 1944ல் விமானத்திலிருந்து குண்டு போட வேண்டியிருந்தது. இங்கே குண்டே தேவைப்படவில்லை!

தோண்டிய இருவர் மீது குற்றம் சொல்வது அநியாயம். அவர்கள் போயிருக்காவிட்டால் அந்தக் கோட்டுப் படங்கள்கூட மிஞ்சியிருக்காது. குற்றம், கண்டுபிடிப்புக்குக் கைதட்டிவிட்டு, காப்பாற்றுவதற்குக் காசும் ஆளும் இடமும் ஒதுக்காத வழக்கத்தின் மீதுதான். ஏறக்குறைய ஏழு கோடி வருஷம் மண்ணுக்குள் தாக்குப்பிடித்த எலும்பு, மனிதன் கண்ணில் பட்டபின் நாற்பது வருஷம்கூடத் தாங்கவில்லை.

அரியலூர் மண்ணில் இன்னும் படிவங்கள் இருக்கின்றன. சிமென்ட்டுக்குச் சுண்ணாம்புக்கல் வெட்டுவதும் அதே வட்டாரத்தில்தான். அடுத்த எலும்பு வெளியே தெரியும்போது முதலில் போக வேண்டியது மாவுக்கட்டும் கேமராவும். எத்தனை டன் என்பதை அப்புறம் நிதானமாகப் பேசிக்கொள்ளலாம்.