பழைய காருக்குப் பந்தயம் எதற்கு?

“ஓய்வு பெற்றதும் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கிச் செப்பனிட்டுப் பந்தயத்தில் ஓட்டுவேன்” என்று ஒருவர் சொன்னால் நமக்குச் சிரிப்பு வருகிறது. பணம் படைத்தவர் விளையாட்டு என்கிறோம். அறுபது வயதில் வேண்டாத வேலை என்கிறோம். இந்தச் சிரிப்பு முறைதானா?

என் குடும்பம் பிழைப்புக்காக வந்து தங்கிய வரதய்யபாளையத்தை அடுத்து ஸ்ரீசிட்டி இருக்கிறது. அங்கே 2016 முதல் இசுசூ தொழிற்சாலையில் புதிய வண்டிகள் உருவாகின்றன. தடா வழியாக நெடுஞ்சாலையை அடைந்து சென்னை நோக்கிச் சென்றால் சோழவரம் வருகிறது. இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் அங்கே இருந்தது. 1953இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், அந்த ஓடுதளத்திலேதான் பல்லாண்டுகள் பந்தயம் நடத்திற்று. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயப் பாதை திறக்கப்பட்டது; சோழவரத்தின் ஆரவாரம் ஓய்ந்தது.

அக்காலக் கார்களை இன்று நாம் பெரும்பாலும் கண்காட்சியில்தான் காண்கிறோம். மெருகேற்றி, கயிறு கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். இங்கிலாந்திலோ 1934இல் தோன்றிய விண்டேஜ் ஸ்போர்ட்ஸ் கார் கிளப் பழைய கார்களைப் பந்தயத்தில் ஓட்டியே போற்றி வருகிறது. நரைத்த தலையினரும் அங்கே ஓட்டுகிறார்கள்.

ஓட்டினால்தான் என்ன பயன்? விஞ்ஞான மாணவன் என்ற முறையில் ஒன்றைக் காட்டுகிறேன். முன்பு பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலந்திருந்தது. நம் நாட்டில் 2000இல் அது நிறுத்தப்பட்டது. உடல்நலத்துக்கு அது நன்மையே. ஆனால் பழைய எஞ்சின்கள் பலவற்றில், வால்வு வந்து அமரும் இடம் வெறும் வார்ப்பிரும்பு. ஈயம் அதன்மேல் மெல்லிய படலமாகப் படிந்து காத்து வந்தது. அந்தக் காப்பு இல்லாதபோது, மிகுந்த வேகத்திலும் சூட்டிலும் வால்வு இரும்போடு ஒட்டி ஒட்டிப் பிய்கிறது. அது அமரும் இடமும் தேய்ந்து உள்ளிறங்குகிறது. மெல்ல ஓட்டும் வரை இது எளிதில் தெரியாது. பந்தயத்தில் தெரிந்துவிடும்! சிலிண்டர் ஹெட்டைக் கடைந்து, கடினமான உலோக வளையம் பொருத்துவதே இதற்குப் பரிகாரம்.

இன்றைய பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலக்கிறார்கள். பழைய ரப்பர்க் குழாய்களை அது கெடுக்கும். அவற்றையும் மாற்ற வேண்டும். ஸ்டியரிங் உறுப்புகளில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம். சாயம் ஊற்றிச் சோதிக்க வேண்டும். நாம் வகுப்பில் படிக்கும் வேதியியலும் உலோகவியலும் இவையல்லவா?

செலவு பெரிது என்பதை நான் மறுக்கவில்லை. 2021இல் வந்த விதிப்படி, 50 ஆண்டு கடந்த வண்டியைப் பழங்கால வண்டியாகப் புதிதாகப் பதிவு செய்யவே 20,000 ரூபாய். அன்றாடப் போக்குவரத்துக்கும் அதை ஓட்டக்கூடாது. இந்த வயதில் நம்மால் இயலாதுதான். ஆனால் பணம் சேரும்வரை எல்லாம் காத்திருக்குமா? கார் கொட்டகையில் காத்திருக்கும். வால்வின் ஓசையைக் கேட்டே பழுது சொல்லும் முதிய மெக்கானிக் காத்திருப்பாரா? பேரிங்குக்கு வெள்ளை உலோகம் உருக்கி வார்த்து, சுரண்டிச் சமன்செய்யும் கையும் அவருடையதே. அவருடைய பாடத்தை அச்சிட்ட நூல் ஏது?

ஆகவே நண்பர்களே, கார் வாங்குவது அறுபதில் ஆகட்டும். கற்பது இப்போதே ஆக வேண்டும். வரும் விடுமுறையில் நம் சங்கத்தார் பத்துப் பேர் சென்னையின் பழைய பட்டறைகளுக்குச் செல்வோம். அந்தப் பெரியவர்கள் செய்வதைப் பார்த்து, அவர்கள் வழங்கும் சொற்களிலேயே தமிழில் எழுதி வைப்போம். பின்னாளில் நம்முள் ஒருவர் பழைய காரோடு பந்தயக் களத்தில் இறங்கினால், அந்த ஏடு அவருக்குத் துணையாக இருக்கும். வருவோர் பெயர் கொடுங்கள்.