நைலான் இருக்க நூல் எதற்கு?



தூண்டில் என்றால் நமக்குத் தெரிந்தது ஒரு கம்பு, நைலான் நரம்பு, முள்ளில் மண்புழு, கூடவே ஓர் ஈயக்குண்டு. குண்டின் கனம் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். ஆனால் இங்கிலாந்து ஓடைகளில் டிரவுட் மீனுக்காக வீசுகிற 'ஃப்ளை' தூண்டிலில் கதையே வேறு. அங்கே இரை என்பது முள்ளில் இறகைச் சுற்றிச் செய்த பொய்ப் பூச்சி. அதற்குக் கனமே கிடையாது. கனமெல்லாம் வீசுகிற கயிற்றில்தான். கயிற்றுக்கும் பூச்சிக்கும் நடுவே வருவதுதான் 'லீடர்'.

நீலகிரி ஓடைகளிலும் ஆங்கிலேயர் காலத்தில் டிரவுட்டைக் கொண்டுவந்து விட்டார்கள். அவலாஞ்சியில் அதற்கெனக் குஞ்சு பொரிப்பகமும் அமைத்தார்கள். ஆகவே இது நமக்கு முழுக்க அந்நியமான சங்கதி அல்ல.

சரி, லீடரின் வேலை என்ன? சாட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். அடி தடிப்பு, நுனி மெலிவு. கயிற்றில் வரும் ஆற்றலைப் படிப்படியாக நுனிக்குக் கடத்தி, பூச்சியைத் தண்ணீர்மேல் அலுங்காமல் இறக்க வேண்டும். 'தொப்'பென்று விழுந்தால் மீன் பறந்துவிடும்!

இதற்குக் கடையில் கிடைப்பது நைலான் ஒற்றை இழை. வலுவான பொருள்தான், யார் இல்லையென்றது? ஆனால் சுருளில் கிடந்த நைலானுக்குச் சுருள் புத்தி லேசில் போகாது. முறுக்கிய தையல் நூல் அப்படியல்ல. துவண்டு, நேராக விழும்.

செய்முறையும் நம் ஒர்க்‌ஷாப்புக்கு ஏற்றதுதான். பலகையில் ஆணிகள் அடித்து நூலை இரண்டு புரிகளாக ஓட்ட வேண்டும். அடியில் புரிக்குப் பத்து இழை என்றால், எட்டு, ஆறு எனக் குறைத்து நுனியில் நாலு. இரண்டு புரிகளையும் ஒரே திசையில் டிரில்லால் முறுக்கிச் சேர்த்துவிட்டால், அவை தனித்தனியே அவிழப் பார்க்கும். அந்த அவிழும் வேகமே இரண்டையும் எதிர்த்திசையில் பின்னிவிடும். இரண்டு முறுக்கும் சமமானதும் கயிறு அப்படியே நிற்கும். பசை வேண்டாம், முடிச்சும் வேண்டாம். டெக்ஸ்டைல் நண்பர்கள் படிக்கிற எஸ் முறுக்கு, இசட் முறுக்கு இதுதானே?

இது நேற்று வந்த யோசனையும் இல்லை. 1496-இல் இங்கிலாந்தில் அச்சான தூண்டில் புத்தகம் ஒன்று குதிரைவால் மயிரை முறுக்கச் சொல்கிறது. சால்மனுக்குப் பதினைந்து மயிர் என்று கணக்கும் தருகிறது. 1935-இல் அமெரிக்காவின் டூபாண்ட் ஆய்வுக்கூடத்தில் நைலான் பிறந்தது. பிறகு தூண்டிலிலும் அதன் ராஜ்யம்தான். ஆனாலும் முறுக்கு செத்துப்போகவில்லை.

குறையே இல்லையா? உண்டு. நூல் தண்ணீரை உறிஞ்சும். வீசும்போது துளி தெறித்து மீனை விரட்டும். மெழுகு தடவ வேண்டும். சிக்கினால் பிரிப்பது பெரும்பாடு. மீனுக்குப் பக்கத்தில் போகும் நுனியில் மெல்லிய நைலான் ஒரு முழமாவது கட்டித்தான் ஆக வேண்டும். ஆக, நூலா நைலானா என்கிற சண்டையே தேவையில்லை. எந்த இடத்துக்கு எது பொருந்தும் என்பதுதான் கேள்வி.

நான் சொல்ல வந்தது இதுதான். "புதுசு, ஸ்ட்ராங்கு, மெஷின்ல வந்தது" என்பதற்காகவே ஒரு பொருள் உயர்ந்ததாகிவிடாது. அது செய்ய வேண்டிய வேலைதான் அளவுகோல். இதைக் கண்டுபிடிக்கப் பொருளைக் கையில் எடுத்து முறுக்கிப் பார்க்க வேண்டும். ஃபைனல் இயர் புராஜெக்ட்டையே ரெடிமேடாகக் காசு கொடுத்து வாங்கி, பெயிண்ட் அடித்து, வைவாவில் முழிக்கிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! நாலு ஆணி, ஒரு பலகை, ஒரு நூற்கண்டு. இதில் கற்கிற டேப்பரும் முறுக்கும் ஆற்றலும் அந்த ரெடிமேட் பெட்டிக்குள் கிடைக்குமா?

டிப்ளமோக்காரனுக்குச் சொத்தே கைதான். அந்தக் கையை வாடகைக்கு விடாதீர்கள். சிந்திப்போம், செய்து பார்ப்போம்!