ஒரே பெயரை இரண்டாக்கிய கணினி: ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,

உங்கள் துறையின் மென்பொருளோடு சேர்ந்து இயங்கும் நிரல்களை எழுதுகிறவன் நான். அந்த மென்பொருளில் உள்ள ஒரு குறையை மனுவாகக் கொடுத்தேன், மின்னஞ்சலில் அனுப்பினேன், நேரில் வந்தும் சொன்னேன். ‘பரிசீலனையில் உள்ளது’ என்பதற்கு மேல் பதில் இல்லை. அதனால் ஊரறிய எழுதுகிறேன்.

எங்கள் பகுதியில் ஒரு மூதாட்டிக்கு உங்கள் துறை தரும் விதவை உதவித்தொகை நின்றுவிட்டது. ‘பொ’வில் தொடங்கும் பெயர் அவருக்கு. பழைய பட்டியலில் உள்ள பெயரும் சரிபார்ப்பின்போது ஏற்றிய பெயரும் பொருந்தவில்லையாம். இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். ஒரு புள்ளிகூட மாறவில்லை.

காரணம் உங்கள் பொறியாளர்களுக்குத் தெரியாததல்ல. யூனிகோடில் ‘பொ’வின் உயிர்க்குறியை ஒரே எண்ணாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டு எண்களாகவும் சேமிக்கலாம். இரண்டும் ஒன்றே என்று கொள்ளவேண்டும். உங்கள் பழைய பட்டியல் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் அடித்தது. அதில் கொம்பு முதலில், பிறகு ‘ப’, அப்புறம் கால். அதை மாற்றிய நிரல் கொம்பைப் பகரத்துக்குப் பின்னே நகர்த்தியது, காலைத் தனியாகவே விட்டுவிட்டது. தமிழ்99 விசைப்பலகையில் இப்போது அடித்த பெயரிலோ இரண்டும் சேர்ந்து ஒரே எண். எண்ணுக்கு எண் ஒப்பிட்ட உங்கள் மென்பொருள் ஒருவரை இருவராக்கிவிட்டது.

ஒப்பிடுமுன் இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் வசதி உங்கள் மென்பொருள் இயங்கும் டாட்நெட்டில் 2005 முதல் இருக்கிறது. ஒரு வரி நிரல். மனுவோடு அதையும் எழுதி இணைத்திருந்தேன்.

உங்கள் அலுவலகம் என்ன செய்தது? இரு பெயரும் ஒருவருடையதே என்று பிரமாணப் பத்திரம் கொண்டுவரச் சொன்னது. நூறு நாள் வேலைக்குப் போகிறவர் கூலியை விட்டுவிட்டு, நோட்டரிக்குக் காசு கொடுத்து, பத்திரம் வாங்கிவந்தார். தொகை வரவில்லை. பத்திரத்தைப் பார்த்தா கணினி ஒப்பிடுகிறது? இதைச் சொல்லவும் அங்கே ஒருவர் இல்லையா?

பட்டியலை அகரவரிசையில் கேட்டால் வகரம் ழகரத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. அதைப் பற்றி இங்கே வாதிடவில்லை. அதனால் யார் வீட்டு அடுப்பும் அணையவில்லை. இதனால் அணைகிறது. பொன்னுசாமி, கோவிந்தம்மாள், தோட்டம், கொல்லை என்று ஒகர ஓகாரம் வராத ஊர் எது ஐயா? இன்னும் எத்தனை பேர் தங்கள் பெயரே தங்களுடையதல்ல என்று கேட்டுத் திரும்பினார்கள்?

2010-இலேயே தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றது. எழுத்துருவை மாற்றியதோடு உங்கள் துறை நின்றுவிட்டது. அந்த ஒரு வரியை எழுதச் சொல்லுங்கள். ‘பெயர் பொருந்தவில்லை’ என்று நிறுத்திய ஒவ்வொரு விண்ணப்பத்தையும் மறுபடி ஓட்டிப்பாருங்கள். நிலுவையை அவர்கள் கேட்காமலே கொடுங்கள். அந்த அம்மாவை மட்டும் இன்னொரு முறை அலைக்கழிக்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் பதிலுக்காக இனியும் காத்திருக்க முடியாத ஒரு நிரலர்