நகைச்சுவைக் காதற்படங்கள் - நயமும் நலிவும்

தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டென வகுத்தார். அவ்வெட்டனுள் தலைமையிடத்தில் நிற்பது நகை. அழுகைக்கும் அச்சத்துக்கும் பெருமிதத்துக்கும் முன்னே நகையை நிறுத்திய அப்பெருந்தகை, அது பிறக்கும் களங்களையும் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்காகச் சுட்டினார். இவற்றுள் எள்ளலுக்கு உரை கண்ட பேராசிரியர், தான் பிறரை எள்ளி நகுதலும் பிறர் தன்னை எள்ளியவழித் தான் நகுதலும் என அதனை இரண்டாகப் பிரிக்கிறார். உரைநுட்பம் என்று படித்துக் கடந்துவிடக் கூடிய இப்பாகுபாடே நம் கட்டுரைக்கு உரைகல்லாகிறது. எள்ளப்பட்டவரும் சேர்ந்து சிரிக்க முடியுமாயின் அந்நகை நயமுடையது. அவர் தலைகவிழ நேருமாயின் அது நலிந்த நகை.

ஒரு கல்லூரித் தமிழ்த்துறை மலரில் திரைப்படத்துக்கு என்ன வேலை என்று நம் சமுதாயப் பெரியவர்கள் சிலர் முகம் சுளிக்கலாம். காதலும் நகையும் கலந்த பழைய படங்களைப் பற்றிப் பேசுவது அதனினும் மிகையெனப் படலாம். ஆனால் நம் மாணவச் செல்வங்கள் ஆண் பெண் உறவைப் பற்றி முதற்பாடம் கேட்பது அகநானூற்றிலன்று, திரையில்தான். அன்று அறுவடை முடிந்த வயற்காட்டோரத்துக் கீற்றுக் கொட்டகையில் மணலில் அமர்ந்து பார்த்தார்கள்; இன்று உள்ளங்கையிலுள்ள கைப்பேசியில் பார்க்கிறார்கள். பாடம் நடக்கும் இடம் மாறியிருக்கிறதே தவிரப் பாடம் நிற்கவில்லை. அப்பாடத்தில் நெல் எது, பதர் எது என்று தூற்றிக் காட்டுவது ஆசிரியர் கடமையென்றே நாம் கருதுகிறோம்.

மரபில் ஒரு நகை

காதலில் நகை நமக்குப் புதிதன்று. கலித்தொகையில் கபிலர் பாடிய குறிஞ்சிக்கலிக் காட்சியொன்றைத் தமிழ் பயில்வோர் அறிவர். சிறுவயதில் மணல்வீட்டைச் சிதைத்துப் பந்தைப் பறித்தோடிய குறும்பன், வளர்ந்தபின் தண்ணீர் கேட்டு வீட்டு வாயிலில் வந்து நிற்கிறான். நீர் கொடுக்கச் சென்றவளின் கையைப் பற்றுகிறான். அவள் அலறுகிறாள், அன்னை ஓடி வருகிறாள். நொடிப்பொழுதில் மனம் மாறிய மகள், நீர் குடிக்கையில் அவனுக்கு விக்கல் எடுத்தது என்று பொய் சொல்லிவிடுகிறாள். அன்னையோ பரிவோடு அவன் முதுகைத் தடவுகிறாள்.

அவன் இளமை, அன்னையின் அறியாமை, மகளின் சமயோசிதம் ஆகிய மூன்றும் ஒரு சிறு வாயிலில் மோதி நகை பிறக்கிறது. எனினும் ஒன்றை மறவாதிருக்க வேண்டும். அவனைக் காட்டிக்கொடுப்பதா காப்பதா என்னும் முடிவு அவள் கையில் இருக்கிறது. அந்த முடிவை அவளிடமிருந்து பறித்துவிட்டால் எஞ்சுவது வெறும் அத்துமீறலே. பிற்காலத் திரைப்படங்கள் பலவும் அவன் கையைப் பற்றியதை நினைவில் வைத்தன. அவள் முடிவெடுத்ததை மறந்தன.

ஹாலிவுட் காட்டிய வழி

இவ்வகைப் படங்களுக்குத் திரையில் ஓர் இலக்கணம் வகுத்துத் தந்தது 1930களின் ஹாலிவுட். பிராங்க் காப்ராவின் ‘இட் ஹாப்பண்ட் ஒன் நைட்’ 1934இல் வெளிவந்தது. சிறந்த படம், இயக்குநர், நடிகர், நடிகை, திரைக்கதை என்னும் ஐந்து தலையாய ஆஸ்கார் விருதுகளையும் அதுவே பெற்றது. வீட்டைவிட்டு வெளியேறிய செல்வர் மகளும் வேலையிழந்த செய்தியாளனும் வழிப்பயணத்தில் சண்டையிட்டுச் சண்டையிட்டே நெருங்கும் கதை அது. ஓர் அறையில் தங்க நேர்ந்த இருவரும் நடுவே கயிறு கட்டிப் போர்வையொன்றைத் தொங்கவிடுகின்றனர். அந்தத் திரைதான் படத்தின் அழகு. மறைப்பிருக்கும் இடத்தில் சொல் கூர்மை பெறுகிறது. சொல் கூர்மை பெறும் இடத்தில் நகை ஒளிர்கிறது. அதே ஆண்டின் நடுப்பகுதியிலிருந்து ஹாலிவுட்டின் தணிக்கை நெறி கடுமையாக நடைமுறைக்கு வந்தபோது, எழுத்தாளர்கள் காட்ட முடியாததைப் பேச்சில் உணர்த்தக் கற்றனர். கட்டுப்பாடு கலையைக் கொல்லும் என்பது எப்போதும் உண்மையன்று என்பதற்கு இது சான்று.

நலிவும் அங்கேயே தொடங்கியது. 1940இல் வந்த ‘தி பிலடெல்பியா ஸ்டோரி’ கணவன் மனைவியை முகத்தில் கைவைத்துக் கீழே தள்ளுவதை வேடிக்கையாகக் காட்டித் தொடங்குகிறது. தன்மதிப்புள்ள ஒரு பெண்ணை ‘வழிக்குக்’ கொண்டு வருவதே கதையென்னும் எண்ணம் அதில் ஒளிந்திருக்கிறது. அக்காலப் படங்களில் கறுப்பின மக்கள் பெரும்பாலும் பணியாட்களாகவே வந்து போயினர். அவர்கள் காதலிப்பதையோ ஊடுவதையோ அப்படங்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

தமிழ்த்திரையின் நன்முத்துகள்

தமிழில் இவ்வகைக்கு முன்னோடியாகப் பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகத்திலிருந்து 1941இல் உருவான ‘சபாபதி’யைச் சொல்லலாம். 1959இல் ஸ்ரீதர் இயக்கிய ‘கல்யாண பரிசு’ துன்பியற் கதையேயாயினும், அதில் இல்லாத வேலைக்கு ‘மன்னார் அண்ட் கம்பெனி’யைச் சான்று காட்டும் கணவராக வரும் கே. ஏ. தங்கவேலுவை யார் மறப்பர்? காரைக்கால் மண்ணில் பிறந்த அக்கலைஞரின் நகையில் எவரும் புண்படவில்லை. தன் பொய்யில் தானே சிக்கித் தவிப்பவரைப் பார்த்து மனைவியோடு சேர்ந்து நாமும் சிரிக்கிறோம்.

இவ்வகையின் மணிமுடியாக விளங்குவது 1964இல் ஸ்ரீதரும் சித்ராலயா கோபுவும் தந்த ‘காதலிக்க நேரமில்லை’. செல்வத்தை மட்டுமே மதிக்கும் தந்தை விஸ்வநாதனாக டி. எஸ். பாலையா, படமே எடுக்காமல் ‘ஓஹோ புரொடக்ஷன்ஸ்’ நடத்தும் மகன் செல்லப்பாவாக நாகேஷ். வேலைநீக்கம் செய்யப்பட்ட இளைஞன் முதலாளியின் வீட்டெதிரே கூடாரமடித்துப் போராடுகிறான். பிறகு நண்பனுக்குத் தாடி மீசை ஒட்டிப் பெருஞ்செல்வர் ‘சிதம்பர’மாக்கித் தன் தந்தையென அழைத்து வருகிறான். அந்நண்பனோ அதே வீட்டின் மூத்த மகளைக் காதலிப்பவன்! செல்லப்பா தந்தைக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சியில் எவ்விதத் தந்திரக் காட்சியும் இல்லை. ஒருவர் குரலும் மற்றவர் முகமும் மட்டுமே உள்ளன. அறுபது ஆண்டுகள் கடந்தும் அச்சிரிப்பு பழசாகவில்லை.

1968இல் ஏ. பி. நாகராஜன் இயக்கிய ‘தில்லானா மோகனாம்பாள்’ நம் காவிரிக் கரையின் சொந்தக் கதை. கொத்தமங்கலம் சுப்பு ‘கலைமணி’ என்னும் பெயரில் ஆனந்த விகடனில் எழுதிய தொடரிலிருந்து அது பிறந்தது. சிக்கல் சண்முகசுந்தரத்தின் நாகசுரமும் திருவாரூர் மோகனாவின் சலங்கையும் போட்டியிடும்போது, காதலர் இருவரும் கலையில் நிகரானவர் என்பதால் அவர்கள் பிணக்கிலும் ஒரு பெருமிதம் உள்ளது. மன்னார்குடியில் பிறந்த மனோரமாவின் ‘ஜில் ஜில் ரமாமணி’ நகைக்கு நகையாகவும் நெஞ்சுக்கு ஈரமாகவும் அமைந்தாள். அந்த நாகசுர மரபு சமயங்கடந்தது என்பதற்கு நம் சமுதாயமே சான்று. ஆந்திரத்தின் கரவதியில் பிறந்த ஷேக் சின்ன மௌலானா, நாச்சியார்கோயில் ராஜம் துரைக்கண்ணு சகோதரர்களிடம் தஞ்சைப் பாணியைக் கற்று, திருவரங்கத்தில் வாழ்ந்து புகழ்பெற்றார்.

எங்கே நலிகிறது?

பாராட்டியதோடு நிறுத்திவிட்டால் நாம் நடுநிலை தவறியவராவோம். இப்படங்களில் மூன்று குறைகளை நாம் காண்கிறோம்.

முதலாவது, சிக்கலை எழுப்பிவிட்டு அதனைச் சந்திக்காமல் நழுவுவது. 1955இல் எல். வி. பிரசாத் இயக்கிய ‘மிஸ்ஸியம்மா’ அழகிய படம். திருமணமான பட்டதாரித் தம்பதியர்க்கே ஆசிரியர் வேலை என்றதும், வேலையற்ற இந்து இளைஞனும் கிறித்தவப் பெண்ணும் கணவன் மனைவியாக நடிக்கின்றனர். ஜெமினி கணேசனும் சாவித்திரியும் காட்டும் ஊடல் நயம் மிக்கது. இரு சமயத்தார் ஒருவரையொருவர் எங்ஙனம் புரிந்துகொள்வர் என்ற கேள்வி படம் நெடுக நம்முன் நிற்கிறது. இறுதியிலோ, மேரி உண்மையில் அந்த இந்துச் செல்வர் வீட்டில் காணாமற்போன மகாலட்சுமிதான் என்று கதை முடிகிறது. கேள்விக்கு விடை கிடைக்கவில்லை, கேள்வியே மறைந்துவிடுகிறது. வேறுபட்டவரை வேறுபட்டவராகவே மதிக்கும் துணிவு அந்நகைக்கு வாய்க்கவில்லை. கலப்பு மணத்துக்கு வழக்காடுவது நம் நோக்கமன்று. பிற சமயத்தாரை மதிக்க, அவர் உள்ளுக்குள் நம்மவராக இருந்தாக வேண்டுமா என்பதே நம் வினா. பழைய படங்களில் தாடியும் தொப்பியும் பலகாலம் மாறுவேடப் பொருள்களாகவே பயன்பட்டதையும் இதனோடு எண்ணிப் பார்க்கலாம். வேடத்துக்கு உதவிய அம்மனிதர் காதலனாகவோ தந்தையாகவோ கதையின் நடுவில் நின்றது அரிது.

இரண்டாவது, பெண்ணை அடக்குவதை நகையாக்குவது. ஷேக்ஸ்பியரின் அடங்காப்பிடாரி நாடகத்தைத் தழுவிய ‘அறிவாளி’ 1963இல் வந்தது. 1972இல் வந்த ‘பட்டிக்காடா பட்டணமா’வும் நாகரிகச் செருக்குள்ள மனைவியைத் திருத்தும் கதையே. ‘தில்லானா மோகனாம்பா’ளிலும் சண்முகசுந்தரத்தின் ஐயத்துக்கு விலையாக அழுபவள் மோகனா. இவ்வழியே சென்ற படங்கள், மறுத்துச் செல்லும் பெண்ணைப் பின்தொடர்ந்து பாடிக் கேலி செய்தால் அவள் இறுதியில் இணங்குவாள் என்னும் பொய்யை ஆண்டாண்டாக ஓதின. 1998இல் சென்னையில் அத்தகைய கேலிக்கு ஒரு கல்லூரி மாணவியின் உயிர் பலியான பின்னர், தமிழ்நாடு அரசு பெண்களைக் கேலி செய்வதைத் தடுக்கத் தனிச்சட்டமே கொண்டுவர நேர்ந்தது. பேராசிரியர் வகுத்த இரண்டாம் எள்ளலுக்கு, எள்ளப்பட்டவரும் நகும் நிலைக்கு, அங்கே இடமேது?

மூன்றாவது, பேராசையைச் சிரித்து மன்னிப்பது. ‘காதலிக்க நேரமில்லை’ விஸ்வநாதன், ‘சிதம்பர’த்தின் செல்வத்தைக் கேட்டதும் குழைகிறாரே, அதைப் பார்த்து நாம் வயிறு வலிக்கச் சிரிக்கிறோம். ஆனால் மூத்தவளின் காதலன் மெய்யாகவே செல்வர் மகன் என்பதால் முடிச்சுப் பாதி தானாக அவிழ்கிறது. அத்தந்தை திருந்த வேண்டிய தேவையே எழவில்லை.

நம் தெருவில் விஸ்வநாதன்

இந்த மூன்றாவது குறையை நம் சமுதாயத்தின்முன் வைக்க விரும்புகிறோம். ஏனெனில் விஸ்வநாதன் எஸ்டேட்டில் மட்டும் வாழவில்லை. நம் காவிரிக்கரை ஊர்களிலும் கடலோரப் பட்டினங்களிலும் பெண்ணுக்கு வரன் பேசும்போது, மாப்பிள்ளையின் குணமும் தொழுகையும் கல்வியும் கேட்கப்படுவதற்கு முன் எழும் கேள்வி, ‘எந்த நாட்டில் இருக்கிறார்?’ என்பதுதானே! மாப்பிள்ளை வீட்டிலும் விஸ்வநாதன் உண்டு. அவர் நகையையும் தொகையையும் கணக்கிடுவார். மஹர் மணமகன் மனமுவந்து அளிக்க வேண்டியது. நாமோ மஹரை ஏட்டில் எழுதிவிட்டுக் கைக்கூலியைக் கையில் வாங்குகிறோம். இந்த மாறுவேடத்துக்கு முன் ஒட்டுத்தாடிச் ‘சிதம்பரம்’ எம்மாத்திரம்? பாலையாவைப் பார்த்துச் சிரித்துவிட்டு வீடு திரும்பி அதே பேரம் பேசுவோமாயின், சிரிப்புக்குரியவர் யார் என்பதை நாமே எண்ணிப்பார்க்க வேண்டும்.

இல்லறத்தில் நகைக்கு இஸ்லாம் இடம் தரவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடிய செய்தி ஹதீஸ் நூலில் உள்ளது. முதன்முறை அன்னையார் வென்றார். பின்னொருமுறை நபியவர்கள் வென்று, அன்றைக்கு இது ஈடு என்று சொல்லி மகிழ்ந்தார்கள். தோற்றவரும் வென்றவரும் சேர்ந்து சிரிக்கும் இந்நிகழ்ச்சியினும் சிறந்த இல்லறநகை எந்தத் திரையில் உண்டு? பெண்ணின் சம்மதத்தைக் கேட்டே மணமுடிக்க வேண்டும் என்பதும் நபிமொழி வகுத்த நெறிதான். கபிலரின் தலைவி கையிலிருந்த முடிவும், நிக்காஹ் மேடையில் மணப்பெண்ணிடம் கேட்கப்படும் சம்மதமும் ஒரே உண்மையைச் சொல்கின்றன. அது சடங்காகச் சுருங்காமல் மெய்யான கேள்வியாக இருக்க வேண்டும்.

செய்ய வேண்டுவன

பழைய படங்களை முற்றும் ஒதுக்கச் சொல்லும் பெரியவர்களோடும், அவற்றைக் குறையற்ற பொற்காலம் எனப் புகழும் இரசிகர்களோடும் நாம் உடன்படவில்லை. ஆண்டுக்கொருமுறையேனும் தமிழ்த்துறைகள் இத்தகைய படமொன்றைத் திரையிட்டு, அகத்திணைப் பாடத்தோடும் மெய்ப்பாட்டியலோடும் ஒப்பிட்டு விவாதிக்கலாம். இக்காட்சியில் சிரிப்பவர் யார், சிரிக்கப்படுபவர் யார், அவரும் சேர்ந்து சிரிக்கிறாரா என மாணவர் கேட்கப் பழகட்டும். அவ்வினா படத்தோடு நில்லாமல் பேருந்து நிறுத்தத்துக்கும், விடுதி அறைக்கும், நாளை அவர்கள் நடத்தப்போகும் இல்லறத்துக்கும் உடன்செல்லும்.

பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்தமுறை உங்கள் இல்லத்தில் விஸ்வநாதன் தோன்றும்போது மனம்விட்டுச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும், வீட்டில் மணப்பருவத்துப் பெண்ணிருந்தால் அவள் முகத்தையும் ஒருமுறை பாருங்கள். அவளும் சிரிக்கிறாளா?