லிங்குக்கு வால் முளைத்த கதை!

குட்டீஸ்! பெரிய காஞ்சிபுரத்துக்குப் பட்டுப் புடவை வாங்கப் போயிருக்கிறீர்களா? ஏகாம்பரநாதர் கோவில் பக்கம் வெளியூர் வண்டி வந்து நின்றால் போதும், "பட்டு வேணுமா சார்? தறி ஓடுற இடத்துக்கே கூட்டிட்டுப் போறேன்" என்று தரகர்கள் சூழ்ந்துகொள்வார்கள். அழைத்து வருபவருக்குக் கடையில் கமிஷன் உண்டு. யார் அழைத்து வந்தது என்று தெரிந்தால்தானே கமிஷன் கொடுக்க முடியும்?

இதே தரகு வேலை உங்கள் வீட்டு மொபைல் போனிலும் நடக்கிறது!

யூடியூபில் ஒரு வீடியோவை எடுத்து, 'ஷேர்' அழுத்தி, லிங்கை உற்றுப் பாருங்கள். கடைசியில் ஒரு கேள்விக்குறி. அதன் பின்னால் 'எஸ்.ஐ.' என்று தொடங்கி, அர்த்தமே இல்லாத எழுத்துக் கூட்டம் ஒன்று வரும். இதுதான் வால். அந்தப் பகுதியை வெட்டி எறிந்தாலும் வீடியோ ஜோராக ஓடும். அப்புறம் எதற்கு? லிங்க் எங்கிருந்து புறப்பட்டது, எந்த வழியாக வந்து திறந்தார்கள் என்று கண்டுபிடிக்கத்தான்!

பேஸ்புக், இன்ஸ்டாகிராம் லிங்குகளுக்கும் இப்படி வால் உண்டு. கடைக்காரர்கள் தங்கள் விளம்பர லிங்குகளில் 'யு.டி.எம்.' என்று ஒரு வால் ஒட்டுவார்கள். இது 'அர்ச்சின்' என்ற நிறுவனத்தின் கண்டுபிடிப்பு. 2005-ல் கூகுள் அதை விலைக்கு வாங்கியது. அதே ஆண்டு 'கூகுள் அனலிட்டிக்ஸ்' என்ற கணக்குப் பிள்ளை பிறந்தது.

வாட்ஸ்அப்பில் லிங்கை ஒட்டியதும் படத்தோடு ஒரு பெட்டி தோன்றுமே, அது வேறு ரகம். நீங்கள் 'அனுப்பு' பொத்தானைத் தொடும் முன்பே உங்கள் போன் அந்த இணையதளத்துக்கு ஓடிப்போய், படத்தையும் தலைப்பையும் எடுத்து வந்துவிடுகிறது. போன இடத்தில் போனின் ஐ.பி. முகவரி பதிவாகும். அதை வைத்து எந்த ஊர்ப்பக்கம் என்று ஓரளவு ஊகிக்கலாம். வேண்டாம் என்றால் வாட்ஸ்அப்பின் பிரைவசி அமைப்பில் இதை நிறுத்தி வைக்க வழி இருக்கிறது. பேஸ்புக், இன்ஸ்டாகிராமில் உங்கள் போன் போகாது. அந்த நிறுவனங்களின் கணினிகளே போய்ப் பார்த்து வரும்.

இன்னொன்று. பெட்டியில் கோபுரப் படமும் 'அசல் காஞ்சிப் பட்டு' என்ற வரியும் இருக்கலாம். அதை எழுதியவர் அந்த இணையதளக்காரர்தான். அசலா என்று யாரும் சோதித்துப் பார்த்து முத்திரை குத்தவில்லை!

சரி, வருபவர்களை எண்ணுவது தப்பா? இல்லவே இல்லை. 2019-ல் சின்ன காஞ்சிபுரத்தில் அத்திவரதரைப் பார்க்க 48 நாளில் ஏறக்குறைய 1 கோடி பேர் வந்தார்கள். எண்ணினால்தான் தண்ணீர், பேருந்து எல்லாம் ஏற்பாடு செய்ய முடியும். ஆனால், தரிசனம் முடித்து வீட்டுக்குப் போகும் ஒவ்வொருவர் பின்னாலும் ஒரு ஆள் நடந்து வந்து, எங்கே சாப்பிட்டார், என்ன வாங்கினார் என்று குறித்துக்கொண்டால்? இணையதளங்கள் நம் போனில் போட்டு வைக்கும் 'குக்கி' என்ற சின்னக் குறிப்புகள் பல சமயம் இந்த வேலையைத்தான் செய்கின்றன.

ஓய்வு பெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கில், 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் ஒரே குரலில் சொன்னார்கள்: அந்தரங்கம் அடிப்படை உரிமை! 2023-ல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களைப் பின்தொடரக் கூடாது, அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டக் கூடாது என்கிறது அது. சில விலக்குகள் உண்டு. மீறினால் அபராதம் 200 கோடி ரூபாய் வரை! 2025 நவம்பரில் வெளியான விதிகள், நிறுவனங்கள் தயாராக 18 மாதம் அவகாசம் தந்தன. இவ்வளவு நாள் எதற்கு என்றுதான் தோன்றுகிறது.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. தறி ஓடும் பல வீடுகளில் ஒரே ஒரு போன்தான். பகலில் அப்பா பேசுவார். சாயங்காலம் பிள்ளைகள் வீடியோ பார்ப்பார்கள். கணக்கு இருப்பதோ அப்பா பெயரில், அப்பா வயதில்! திரைக்கு இந்தப் பக்கம் இருப்பது ஆறாம் வகுப்பு மாணவி என்று அந்த நிறுவனத்துக்கு எப்படித் தெரியும்? தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் அவளைப் பற்றி இன்னும் நிறைய கேட்க வேண்டும். எதைக் கேட்கக் கூடாது என்று சட்டம் வந்ததோ, அதையே கேட்க வேண்டியிருக்கும்! இந்த முடிச்சை இன்னும் யாரும் அவிழ்க்கவில்லை.